திரைக்குள் செத்துப்போன கால்

என் வலது கால் செத்துவிட்டது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, எழுபது தாண்டிய இன்றும் வரவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சங்கரன்கோவிலில் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டிரில் டீச்சர். அதற்காக மதராஸில் ஒரு வருஷம் தங்கிப் பயிற்சி எடுத்து வந்திருந்தேன். ஊரில் அதை ஒரு படிப்பாகவே யாரும் மதிக்கவில்லை. “பொட்டப்பிள்ளைகளுக்கு எதுக்கு டிரில்லு? அம்மி அரைக்கதும் தண்ணி சுமக்கதும் பத்தாதாக்கும்?” என்று என் காதுபடவே கேட்டார்கள். தேரடியில் நடந்து போனால் ‘குதிக்க டீச்சர் போறா பாரு’ என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். நான் திரும்பிப் பார்த்து, “ஆமா, குதிக்க டீச்சர்தான். ஒங்க வீட்டுப் பிள்ளையையும் அனுப்புங்க” என்பேன். என் வாய் அப்படி. அந்த வேலை எனக்கு உயிர். என் சொந்தக் கையால் சம்பாதித்த மரியாதை அது ஒன்றுதான்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. அதுவும் மணலால் வந்தது. நீளம் தாண்டுகிற குழியில் மணல் இல்லை, தரை இறுகிவிட்டது என்று பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டெண்டிடம் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். ‘பார்க்கலாம்’ என்றார். அவர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு ஆற்று மணல் வண்டி வண்டியாக வந்து இறங்கியது, அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படித் தாண்ட வேண்டும் என்று ஓடிவந்து தாண்டிக் காட்டினேன். இறுகிக் கிடந்த தரையில் முழங்கால் திரும்பிக்கொண்டது. பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எலும்பு வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிக் கட்டினார். நாற்பத்தைந்து நாள் அசையக் கூடாது என்றார். கட்டை அவிழ்த்தபோது முழங்காலில் வலியே இல்லை. ஆனால் தொடை பாதியாகிவிட்டிருந்தது. எழுந்து நின்று மிதித்தால் கால் மடங்கியது. நீட்டச் சொல்லி நான் மனசுக்குள் கத்தினாலும் அந்தத் தொடை எனக்கென்ன என்று கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். மதராஸில் உடம்பைப் பற்றிப் படித்தபோது சொல்லியிருந்தார்கள்: ரொம்ப நாள் கட்டிப் போட்ட தசை வேலையை மறந்துபோகும், அதைத் தட்டி எழுப்ப வேண்டும், அதற்கு மின்சாரம் வைக்கிற பெட்டி உண்டு என்று. சொன்னார்களே தவிர, பெட்டியைக் கண்ணில் காட்டவில்லை.

அந்தப் பெட்டி எங்கள் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் இருந்தது. யுத்தம் முடிந்து ராணுவச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியதாம். மரப்பெட்டி, உள்ளே பேட்டரி, மேலே பித்தளைத் திருகு, இரண்டு நீள வயர். வயர் முனையில் தகடு, தகட்டைச் சுற்றிப் பஞ்சும் துணியும். திருகைத் திருப்பினால் வண்டு மாதிரி இரையும். ஊரார் அதைக் கரண்டுப் பெட்டி என்றார்கள். புளியங்குடியிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் சடுகுடு ஆடுகிற பையன்கள் காலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பத்து நாளில் மறுபடி ஆடப் போய்விடுவார்கள். டாக்டருக்கு நல்ல பேர்.

ஆண்களுக்கு முன்னறையில் வைத்தியம். பெண்களுக்குப் பின்னறை. அங்கே அறைக்குக் குறுக்கே ஒரு காக்கித் திரை. முழங்கால் உயரத்துக்குமேல் எல்லாவற்றையும் மறைக்கும், அதற்குக் கீழே தரைவரை இடைவெளி. டாக்டர் பெட்டியோடு திரைக்கு அந்தப் பக்கம் உட்காருவார். வயர் திரைக்கு அடியில் இந்தப் பக்கம் வரும். இங்கே நோயாளி மரப்பெஞ்சில் படுத்திருக்க, ஆயாம்மா தகட்டை வைப்பாள். டாக்டர் நல்ல குடும்பத்துப் பிள்ளை, பொம்பிளைகளின் உடம்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார் என்று ஊரெல்லாம் பெருமையாகப் பேசிக்கொண்டது. அந்தப் பெருமை என் தலையில் எப்படி விடிந்தது என்பதைத்தான் சொல்லுகிறேன்.

முதல் நாள் ஆயாம்மா தகட்டைக் கிண்ணத்து உப்புத் தண்ணீரில் முக்கினாள். எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஒழுகியதைப் பார்த்தாள். பிறகு என் சேலையைப் பார்த்தாள்.

“சேலை நனைஞ்சிட்டுன்னா வெளிய எப்படித்தா போவ? முன்னால அம்புட்டு ஆம்பளையும்லா உக்காந்திருக்கான்” என்று தகட்டை ஒட்டப் பிழிந்தாள். பழைய துண்டில் ஒற்றி எடுத்தாள். பிறகு சேலையை விலக்காமல், சேலைக்கு மேலேயே தொடையில் வைத்துக் கட்டினாள்.

நான் தடுத்தேனா? இல்லை. என்மேல் எனக்கு உள்ள கோபம் இதில்தான். முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டு, ‘நல்ல வேளை, ஆயாம்மாவுக்கு விவரம் இருக்கிறது’ என்று நினைத்தேன். வகுப்பில் பிள்ளைகளிடம் வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிற டீச்சர் நான்.

திரைக்கு அப்பால் பெட்டி இரைந்தது.

“துடிக்குதா?” என்றார் டாக்டர்.

“இல்லய்யா” என்றாள் ஆயாம்மா.

“கூட்டுதேன். இப்ப?”

“இல்லய்யா.”

“முழுசாக் கூட்டியாச்சு. இப்பவும் இல்லியா?”

“அசையக் காணும் ஐயா.”

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓர் எறும்பு ஊர்ந்த உணர்ச்சிகூட இல்லை. ஆறு நாள் இதே கேள்வி, இதே பதில். ஏழாம் நாள் டாக்டர் திரைக்கு அப்பாலிருந்து தொண்டையைச் செருமினார். “டீச்சர், மனசைத் தேத்திக்கிடுங்க. நரம்பு செத்துப்போச்சு. முழுக் கரண்டுக்கும் தசை அசையலைன்னா வேற அர்த்தம் இல்ல” என்றார். பள்ளிக்கூடம் கேட்டிருந்த சர்டிபிகேட்டில் அதையே இங்கிலீஷில் எழுதினார். இந்தக் கால் இனி ஒருபோதும் டிரில் வேலைக்கு உதவாது என்று கையெழுத்துப் போட்டார்.

மரத்திலிருந்து விழுந்தவளை மாடு மிதித்தாற்போல, நாலாம் நாள் கரஸ்பாண்டெண்டின் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் நானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் கௌரவமாக இருக்குமாம். மணல் போடாத மனுஷர் கௌரவத்தைப் பற்றி எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை மடித்து வைத்தாள். கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்து வந்து, தண்ணீரில் குழைத்து என் தொடை முழுக்கப் பூசினாள். “டாக்டர் சொன்னாச் சொல்லட்டும். அம்மன் இன்னும் சொல்லலைல்லா” என்றாள். நான் அன்றைக்கு அவளிடம் எரிந்து விழுந்தேன். செத்த காலுக்கு மண் பூசினால் என்ன, சந்தனம் பூசினால் என்ன என்று கத்தினேன். அவள் மீதி மண்ணைக் கிண்ணத்தில் மூடி வைத்தாள்.

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. சர்டிபிகேட்டில் ‘ஒருபோதும்’ என்ற சொல்லை மட்டுமாவது மாற்றி, ‘இப்போதைக்கு’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று கம்பை ஊன்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். பின்னறை பூட்டியிருந்தது, ஆயாம்மா சாவி எடுக்கப் போயிருந்தாள். அதனால் முன்னறை வாசலில் உட்கார்ந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு சடுகுடுக்காரப் பையன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பெஞ்சில் கிடந்தான். அவன் தொடை தவளை மாதிரி எகிறி எகிறி அடங்கியது. பெஞ்சுக்கு அடியில் தரையெல்லாம் தண்ணீர்.

டாக்டர் கம்பவுண்டரை அதட்டிக்கொண்டிருந்தார். “வே, பஞ்சை இன்னும் நல்லா நனைச்சு வையும். தண்ணி சொட்டணும். காஞ்ச பஞ்சுல கரண்டு எங்கன வே ஏறும்?”

அப்படியே உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் ஒரே இரைச்சல். தண்ணீர் சொட்ட வேண்டும். பின்னறையில் பெஞ்சுக்கு அடியில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்ததில்லை. ஏழு நாளும் காய்ந்த பஞ்சு, அதற்குக் கீழே காய்ந்த சேலை. கரண்டு என் காலுக்கு வந்து சேரவே இல்லை. வராத விருந்தாளிக்கு எழுந்து நின்று கும்பிடு போடவில்லை என்று என் காலுக்குத் தண்டனை! இந்த மனுஷருக்கு அது தெரியும். முன்னறையில் நன்றாகத் தெரியும். பத்தடி நடந்து பின்னறைக்குப் போனதும் மறந்துவிடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘பஞ்சு நனைந்திருக்கிறதா’ என்று திரைக்கு இந்தப் பக்கம் கேட்டிருந்தால் போதுமே.

ஆயாம்மா சாவியோடு வந்தாள். அவளைப் பின்னறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஆயாம்மா, இன்னைக்குப் பஞ்சைப் பிழியக் கூடாது. சேலையை நான் விலக்கிக்கிடுதேன். தொடையிலயே வைங்க.”

“ஐயய்யோ, சேலை தொப்பலா நனைஞ்சு போகுமே தாயி!”

“நனையட்டும். நனைஞ்ச சேலையோட தேரடி வழியாப் போறேன். எவன் பாக்கான்னு நான் பாக்கேன்.”

பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். கடைசியாக ஒரே ஒரு தரம் பெட்டியைப் போடச் சொன்னேன். “வீண் வேலை டீச்சர்” என்றார். ஆனாலும் வந்து திரைக்கு அப்பால் உட்கார்ந்தார். நான் படுக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில், திரையை ஒட்டி உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டேன். முழங்காலுக்குக் கீழே என் கால் திரைக்கு அடியில் அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதில் யாருக்கும் தோஷம் இல்லை. தெருவில் தண்ணீர் எடுக்கப் போகிற எல்லாப் பெண்களின் காலும் அவ்வளவு தெரியத்தான் செய்யும். உப்புத் தண்ணீர் என் தொடையில் வழிந்து கணுக்காலில் சொட்டியது.

“டாக்டர், என் பாதத்தைப் பாத்துக்கிட்டே போடுங்க” என்றேன்.

அவர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவில்லை. கூட்டி என்ன ஆகப்போகிறது? செத்த கால்தானே! ஒரே திருப்பாக முழுக் கரண்டையும் விட்டார்.

நான் அலறினேன். யாரோ முழங்காலில் கயிறு கட்டிச் சுண்டி இழுத்தது மாதிரி கால் விறைத்து நீண்டது. ஆயாம்மா திரையோரம் முக்காலியில் வைத்திருந்த உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அது டாக்டர் பக்கமாக உதைத்துத் தள்ளியது. கிண்ணம் உருண்டது. டாக்டரின் வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. ஆயாம்மா, “அடியாத்தே!” என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வலியில் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவ்வளவு சந்தோஷமான வலியை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

“செத்த கால் ஒதைக்குமா டாக்டர்?” என்றேன்.

அவர் நனைந்த கால்சட்டையை உதறினார். பிறகு, “சரி, வேற சர்டிபிகேட் தாரேன்” என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் அவரை மன்னித்திருப்பேன். புது சர்டிபிகேட்டை வீட்டில் கொண்டுவந்து படித்தேன். ‘என்னுடைய தொடர்ந்த மின்சார சிகிச்சையின் பயனாக, செயலிழந்திருந்த நரம்பு மீண்டும் உயிர் பெற்றுள்ளது’ என்று எழுதியிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே காக்கை உட்காரவே இல்லை, பழத்துக்கு மட்டும் உரிமை கொண்டாடியது. பழைய சர்டிபிகேட் தப்பு என்று ஒரு சொல் அதில் இல்லை. ஆனாலும் அதைக் காட்டித்தான் ராஜினாமா கொடுக்காமல் வேலையில் நீடித்தேன். அம்மா என்னவோ புற்றுமண்ணால்தான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வந்தாள். அவளாவது என் காலைத் தொட்டாள், அவள் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த எட்டு நாளும், அதற்குப் பிறகு ஒரு மாதமும் தினமும் போனேன். டாக்டர் சாப்பிடப் போகிற மத்தியான வேளையில் ஆயாம்மாவும் நானும் பெட்டியை இந்தப் பக்கமே வைத்துக்கொள்வோம். திருகைக் குறைவாக வைத்து, கரண்டு தசையைச் சுண்டும்போதே நானும் சேர்ந்து காலை நீட்ட முக்குவேன். அப்படி முக்கினால்தான் அது கற்றுக்கொள்ளும், பெட்டி மட்டும் தனியாக ஒன்றும் செய்துவிடாது. ஐந்தாம் நாள் கரண்டை நிறுத்திய பிறகும் தொடை ஒருமுறை நான் சொன்னபடி இறுகியது. என் தொடையை நானே தட்டிக் கொடுத்தேன். பிறகு வீட்டில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம், முதலில் மூன்று, பிறகு பத்து, பிறகு முப்பது. மறுநாள் தொடை கட்டிப்போய் வலிக்கும். அதற்கும் மெல்லிசாக ஐந்து நிமிஷம் கரண்டு வைத்தால் இளகும். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கம்பில்லாமல் நடந்து போனேன். ராஜினாமாக் கடிதம் கேட்ட கரஸ்பாண்டெண்ட் எதிரே வந்து, “எல்லாம் டாக்டர் புண்ணியம்” என்றார். “மணல் எப்ப வரும்?” என்று கேட்டேன். அடுத்த வாரம் வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன். கடைசி நாள் பஞ்சைக் காயப் போடும்போது ஆயாம்மாவிடம் விளையாட்டாகத்தான் கேட்டேன். “எனக்கு முன்ன எத்தனை பேருக்கு இப்படிப் பிழிஞ்சு வச்சீங்க?”

அவள் கை நின்றது.

“எல்லாருக்கும் அப்படித்தான் தாயி வச்சேன். பொம்பளைகள்லா. நனையக் கூடாதேன்னுதான வச்சேன்.”

எத்தனை பேர் என்று அவள் எண்ணி வைக்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன். “பழைய கேஸையெல்லாம் கிளறாதீங்க டீச்சர், அதெல்லாம் கைராசி இல்லாத கேஸ்” என்று எழுந்து போய்விட்டார். கைராசியாம்! ஆயாம்மாவுக்கு ஒருத்தியை மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. திருவேங்கடத்துப் பக்கத்துப் பெண், கிணற்றுப் படியில் விழுந்து என்னைப் போலவே பத்தை கட்டிக்கொண்டு வந்தவள், கரண்டுக்கு அசையவில்லை என்றதும் பெஞ்சிலேயே குப்புறக் கிடந்து அழுதவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கரிசல் காட்டுக்கு நடுவே சின்ன ஊர். விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அது அவள் பிறந்த வீடு. கால் செத்துப்போச்சு என்று டாக்டர் எழுதிய சீட்டோடு புருஷன் வீட்டார் அவளைக் கொண்டுவந்து விட்டு இரண்டு வருஷமாகிவிட்டதாம். அங்கே புருஷனோடு இப்போது வேறொருத்தி இருக்கிறாளாம். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. உட்கார்ந்தபடியே பருத்தி பிரித்துக்கொண்டிருந்தாள், உட்கார்ந்தபடியே நகர்ந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பஞ்சு, சேலை, உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் காலைத் தொட்டுப் பார்த்தாள், உட்கார்ந்து எழுந்து காட்டச் சொன்னாள், நான் பத்துத் தோப்புக்கரணம் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மத்தியானம், டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். ஆயாம்மா பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்தாள். அந்தப் பெண்ணைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்து, சூம்பிப் போயிருந்த தொடையில் தகட்டை வைத்துக் கட்டினோம். நான் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் தொங்கிக்கொண்டிருந்த பாதம் இரண்டு விரற்கடை முன்னால் எழும்பி, திரைக்கு அடியில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்தது. மறுபடியும் எழும்பியது.

ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் அழவில்லை. பாதம் எழும்புவதையும் விழுவதையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை ஓங்கி அந்தத் தொடையில் ஓர் அறை விட்டாள்.

“ஏட்டி, அன்னைக்கே ஒதைச்சிருக்கப்பிடாதா நீ?” என்றாள்.

காலைத்தான் திட்டினாள். ஆயாம்மாவையோ டாக்டரையோ புருஷனையோ ஒரு சொல் சொல்லவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் இன்றுவரை பட்டுக்கொண்டிருக்கிறேன்.